மலைக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? இறக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

கோத்தகிரியில் கார் மாற்றப் போவதாகச் சொன்னால் டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை ஒரே பதில்தான் வரும்: "மலைக்கு மேனுவல்தாங்க. ஆட்டோமேட்டிக் எல்லாம் கோயமுத்தூர்ல ஓட்டறவங்களுக்கு."

பல வருடம் மேனுவல் ஓட்டிய பிறகு, போன வருடம் நான் ஆட்டோமேட்டிக்குக்கு மாறினேன். எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. அந்தப் பதிலில் பாதி இன்றைக்கும் சரிதான், மீதி பாதி பழைய காலத்துக் கணக்கு என்பது என் அனுபவம். நீலகிரியில் குடியிருந்து தினமும் மலையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது இறக்கம் சம்பந்தப்பட்டது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேனுவல் விலை குறைவு. ஆட்டோமேட்டிக்கில் ஏஎம்டி (மேனுவல் பெட்டியையே ஒரு கருவி இயக்கும் வகை) என்றால் சுமார் ஐம்பதாயிரம் கூடும். டார்க் கன்வர்ட்டர், சிவிடி (பெல்ட்டில் ஓடும் வகை) என்று போனால் பெரும்பாலும் லட்சத்துக்கு மேல். மைலேஜில் ஏஎம்டி மேனுவலை ஒட்டியே வரும், டார்க் கன்வர்ட்டர் ஏற்றத்தில் கொஞ்சம் கூடக் குடிக்கும். இடது காலுக்கு வேலை இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பொருள் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் செலேரியோ வழியாக நம் ஊருக்குப் பரவலாக வந்த ஏஎம்டி, உள்ளே அதே மேனுவல் கியர் பெட்டி, அதே கிளட்ச் தட்டு. காலுக்குப் பதில் ஒரு கருவி அமுக்குகிறது, அவ்வளவுதான். டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. சிவிடியில் கியர்களே கிடையாது. பெல்ட்டும் விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளும்தான். இரட்டைக் கிளட்ச் வண்டியை நான் மலையில் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

ஏற்றத்துக்கு வருவோம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. உள்ளூர் பஸ் ஓட்டுநர்கள் இதை அழகாகக் கடைப்பிடிப்பார்கள். ஏப்ரல், மே சீசனில் மேலே வருகிற வெளியூர் வண்டிகள் கடைப்பிடிப்பதில்லை. கொண்டை ஊசி வளைவின் நட்ட நடுவே, முன்சக்கரம் திரும்பியபடி, பின்னால் ஒரு வேன் ஒட்டி நிற்க, நீங்கள் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டும். மேனுவலில் இதற்கு வழி ஹேண்ட் பிரேக்கும் ஹாஃப் கிளட்சும்தான். பழகியவருக்குக் கஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டு கொஞ்சம் தேய்கிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி நெரிசலில் ஊர்ந்தால் கருகல் வாடை எந்த வண்டியிலிருந்தாவது வந்துகொண்டே இருக்கும். சமவெளியில் ஓடும் வண்டியைவிட நம் வண்டிகளில் கிளட்ச் சீக்கிரம் போவது இதனால்தான்.

டார்க் கன்வர்ட்டரில் இந்தத் தேய்மானம் இல்லை. எண்ணெய் சுழன்று விசையைக் கொடுப்பதால், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தால் வண்டி அமைதியாக நகரும். ஏஎம்டியில் அப்படி இல்லை. மேட்டில் பிரேக்கைத் தானாகப் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இருந்தாலும் அது இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். அதன் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்திவைத்தால், உள்ளே கருகுவது அதே கிளட்ச் தட்டுதான். காலடியில் கிளட்ச் பெடல் இல்லாததால் கருகுவது தெரியாது, அது இன்னும் மோசம். ஏஎம்டி வைத்திருப்பவர்கள் மேட்டில் நிற்கும்போது பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

(ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். சின்ன எஞ்சினோடு ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தால் முழு லோடில் மூச்சு வாங்கும். டர்போ இருந்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.)

இதெல்லாம் சௌகரியமும் செலவும்தான். உயிர் சம்பந்தப்பட்டது இறக்கம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு கீழே இறங்கும்போது வெளியே விட வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஐந்து மணி நேரம் விடாமல் எரியவிட்டால் வருகிற சூடு அது. அது முழுக்க ஒரு மணி நேரத்துக்குள் எங்காவது போயாக வேண்டும். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கும். பிரேக் வாங்கினால் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும், அப்புறம் பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

"இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று மலைச்சாலைகளில் பலகை வைத்திருப்பது இதனால்தான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் மேலே வரலாம், கீழே இறங்க அனுமதி இல்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது.

மேனுவலின் பெரிய பலம் இங்கேதான். இரண்டில் போட்டால் இரண்டிலேயே இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு பெட்ரோலும் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் பெட்ரோலையும் செலவழித்துக்கொண்டு பிரேக்கையும் கொதிக்கவிடுகிறார்கள். எஞ்சினையே அணைத்து இறங்குவது அதைவிடக் கொடுமை: பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் போய் பெடல் கல்லாகும், ஸ்டீயரிங்கும் இறுகும்.

ஆட்டோமேட்டிக்கில் என்ன ஆகிறது? லீவரை 'டி'யில், அதாவது கியர் தானாக மாறும் நிலையில், போட்டு இறங்கினால், நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டதும் பெரும்பாலான வண்டிகள் அடுத்த கியருக்கு ஏறிவிடும். சமவெளியில் மைலேஜுக்கு அது நல்லது. மலையில் வண்டி பிடியை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். உடனே பிரேக், மறுபடி பிரேக். "ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த வண்டிகள் மலைக்கு ஆகாதவை அல்ல, 'டி'யில் வைத்து இறக்கக் கூடாதவை.

ஏஎம்டியில் லீவரைத் தள்ளி, கியரை நாமே மாற்றும் 'எம்' நிலையில் போட்டு இரண்டாவது கியருக்கு இறக்கினால், உள்ளே இருப்பது மேனுவல் பெட்டி என்பதால் எஞ்சின் பிடிப்பும் மேனுவல் மாதிரியே இருக்கும். டார்க் கன்வர்ட்டரிலும் 'எம்' அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் மூலம் இரண்டில் நிறுத்தலாம். என் வண்டியில் எஞ்சின் பிடிப்பு மேனுவலைவிட ஒரு மாற்று குறைவு. செங்குத்தான இரண்டொரு இடத்தில் முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் போட்ட கியரில் நிற்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்ப்பேன்: லைனிங் வாடை வருவதில்லை, ரிம்மில் அனல் அடிப்பதில்லை. சிவிடியில் எஞ்சின் பிடிப்புக்கான 'எல்' நிலை இருந்தால் ஓரளவு பிடிக்கும். 'டி' தவிர வேறு எதுவுமே இல்லாத சிவிடி என்றால் நம் மலைக்கு வேண்டாம்.

என் நிபந்தனை இதுதான். நான் கேட்கும்போது இரண்டாவது கியரைக் கொடுத்து, நான் சொல்லும்வரை அதை மாற்றாத பெட்டியாக இருக்க வேண்டும். ஷோரூமில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டெஸ்ட் டிரைவ் என்று கோவை அவிநாசி சாலையில் ஒரு சுற்று விட்டு, எவ்வளவு ஸ்மூத் பாருங்கள் என்பார்கள். அதை வைத்து மலைக்கு வண்டி வாங்காதீர்கள். டெஸ்ட் வண்டியை மலைக்கு எடுத்து வரச் சொல்லி, குன்னூரிலிருந்து பர்லியாறு வரை நீங்களே இறக்கிப் பாருங்கள். இரண்டில் போட்டு, காலை எடுத்து, வண்டி வேகம் பிடிக்கிறதா, அடங்கி வருகிறதா என்று கவனியுங்கள். சில வண்டிகள் 'எம்'மில் இருந்தாலும் எஞ்சின் அதிகம் சுற்றினால் தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். அது எந்த வேகத்தில் நடக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர அளவு; ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவே 140 டிகிரிதான். மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற ஊரில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. (எலெக்ட்ரிக் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் மோட்டார் வண்டியைப் பிடித்து மின்சாரமாக்குவது வெகுவாகக் குறைந்துவிடும், பிரேக்தான் எல்லாவற்றையும் சுமக்கும்.)

மேனுவல்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். மஞ்சூர், குந்தா, சோலூர் பக்கம் குடியிருந்து, வண்டி நின்றுபோனால் அங்கே இருக்கும் மெக்கானிக்தான் கதி என்றால் மேனுவலே நல்லது. கிளட்ச் செட் மாற்றுவதை நம் ஊர் மெக்கானிக்குகள் செய்துவிடுவார்கள். சின்ன வண்டிக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் பெட்டியில் பழுது என்றால் பெரும்பாலும் கோவைக்கு ஏற்றி அனுப்ப வேண்டும், பில்லும் வேறு மாதிரி வரும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலையில் பேட்டரி படுத்துவிட்டால், மேனுவலை வீட்டுச் சரிவில் உருட்டி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு உயிர்ப்பித்துவிடலாம். வீடே சரிவில் இருக்கிற ஊரில் இது பெரிய வசதி. என் வண்டியில் இதைச் செய்ய முடியாது, ஏஎம்டியிலும் முடியாது. அதனால் ஜம்பர் கேபிள் டிக்கியிலேயே கிடக்கிறது.

விற்பனை விலை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. பழைய மேனுவல் கார் உள்ளூரிலேயே சட்டென்று போனது. ஆட்டோமேட்டிக்கை விற்கும் கட்டம் எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு என் கியர் பெட்டி எப்படி இருக்கும் என்பதையும் இப்போதே சொல்ல மாட்டேன். மலைப்பாதை ஓட்டத்தைக் கடும் பயன்பாடு என்று பல வண்டிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் கியர் ஆயிலை அந்தக் கணக்குப்படி முன்கூட்டியே மாற்றுவதாக இருக்கிறேன்.

டார்க் கன்வர்ட்டர் வாங்குகிறவர்கள் சரிவில் நிறுத்தும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வாருங்கள், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள், பிறகு கால் பிரேக்கை மெதுவாக விட்டு வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். அதற்கப்புறம் மறுபடி பிரேக்கை மிதித்து 'பி'யில் (பார்க்கிங்) போடுங்கள். நேரடியாக 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால் மொத்த எடையும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். காலையில் லீவரை எடுக்கும்போது 'டக்'கென்று அடிப்பது அதுதான். ஏஎம்டி வண்டிகள் பெரும்பாலானவற்றில் 'பி'யே இல்லை. அவற்றைக் கியரில் விட்டே அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, செங்குத்தான இடமென்றால் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள்.