ட்யூனரா, 4.10 கியரா? எஃப்-150 பிக்கப்பில் இரண்டையும் போட்ட அனுபவம்

டர்போ இல்லாத பழைய பெட்ரோல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கிறீர்கள், டயரையும் பெரிதாக்கிவிட்டீர்கள் என்றால், காசை முதலில் அச்சு கியரில் போடுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றும் ட்யூனர் அப்புறம். இரண்டையும் என் வண்டியில் போட்டு, டெக்சாஸின் மேற்குக் கோடி வரை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வண்டி 2007 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் டிரைட்டன் வி8, ஃபோர் வீல் டிரைவ். தொழிற்சாலைக் கணக்கில் 300 குதிரைத்திறன், 365 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நான்கே கியர், நாலாவது 0.70 ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நெடுஞ்சாலை கியர். அச்சு விகிதம் 3.55, அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.55 தடவை சுற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எவ்வளவு என்று தெரிய டிஃபரன்ஷியலை (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டியை) திறக்க வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் அச்சுக்கான கட்டத்தில் 19 அல்லது H9 என்று இருந்தால் 3.55. B6 என்றால் 3.73. இது இந்தத் தலைமுறை எஃப்-150க்கான குறியீடு, மற்ற வண்டிகளுக்கு வேறு.

31 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால் என்ன ஆகும்? டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, அதனால் 3.55 என்பது நடைமுறையில் 3.33 ஆகிவிடுகிறது. 65 மைல் வேகத்தில் ஓவர்டிரைவில் எஞ்சின் சுமார் 1,650 ஆர்பிஎம்தான் சுற்றும். வெறும் வண்டியாகப் போனால் சுகமான ஓட்டம். 5,000 பவுண்டு கேம்பரை (தங்கும் வசதியுள்ள டிரெய்லரை) மாட்டிக்கொண்டு சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10இல் மேற்கே கிளம்பி, கெர்வில் தாண்டியதும்தான் கஷ்டம் தெரியும். சின்ன ஏற்றம், கொஞ்சம் எதிர்க்காற்று, உடனே நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும். நிமிர்வதற்குள் மறுபடி நாலு. இப்படி மாறி மாறி விழும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறுகிறது, கியர்பாக்ஸின் ஆயுளைக் குறைப்பது அந்தச் சூடுதான். போதாததற்கு ஃபோர்ட் டேவிஸ் கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது 15 சதவீதம் போயிருக்கும்.

முதலில் வாங்கியது ட்யூனர். தொண்ணூறுகளின் ஃபோர்டுகளில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நிஜமாகவே ஒரு சிப்பைச் செருகினார்கள். இப்போது கையடக்கக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது கண்டறியும் கருவியை மாட்டும் ஓபிடி போர்ட்டில் செருகி, புது நிரலை ஏற்றினால் முடிந்தது. பழைய நிரலை அந்தக் கருவியே பத்திரமாக வைத்துக்கொள்ளும், வேண்டும்போது திரும்ப ஏற்றலாம். ஒரு வண்டிக்குப் பூட்டிக்கொண்டால் அதை விடுவிக்காமல் அடுத்த வண்டியில் போட முடியாது. பழைய சரக்காக வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நிரலை ஏற்றியதும் வண்டி துள்ளுகிறது. ஆனால் அந்தத் துள்ளலில் பெரும்பங்கு, பெடலைக் கொஞ்சம் மிதித்தாலே த்ராட்டில் அதிகம் திறக்கும்படி மாற்றியதால் வருவது. உண்மையான கூடுதல் சக்தி 93 ஆக்டேன் பெட்ரோலில் இக்னிஷன் டைமிங்கை முன்தள்ளுவதால் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மில். டிரெய்லரோடு நான் ஓடுவது அங்கே இல்லை. கியர் மாற்றம் இறுக்கமாகவும் தெளிவாகவும் ஆனது நிஜமான லாபம், அதற்கே காசு தரலாம். ஆனால் ஏற்றத்தில் மூன்றுக்கு இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

அடுத்தது கியர். 3.55 என்றால் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனில் 39 பல், அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11. 4.10இல் 41க்கு 10. ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள்: எந்த ஆர்பிஎம்மிலும், எந்த கியரிலும், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மலை பிடுங்கிக்கொண்டதை கியர் திருப்பித் தருகிறது. இந்த எஞ்சினைக் கசக்கி அவ்வளவு எடுக்க ட்யூனரால் ஆகாது.

விலை கேட்டுப் போன முதல் ஒர்க்‌ஷாப்பில் பின் அச்சை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அது முழுத் தப்பு. முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதத்தில் இருக்க ஃபோர் வீலைப் போட்டால், இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். யாராவது இப்படிச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் கொடுத்தது ஊருக்கு வெளியே டிஃபரன்ஷியல் வேலை மட்டுமே செய்யும் ஒரு சிறு கடையில். இரண்டு அச்சுக்கும் கியர், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 2,200 டாலர் ஆனது. அந்த மெக்கானிக்கின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பினியனுக்குப் பின்னால் ஷிம் என்னும் மெல்லிய தகட்டை வைத்து மாட்டுகிறார், கிரவுன் பல்லில் மஞ்சள் பசையைத் தடவிக் கையால் சுற்றுகிறார், பசை எங்கே அழுந்தி விலகியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். தடம் பல்லின் அடிப்பக்கம் சாய்ந்திருந்தது. முழுதையும் கழற்றி ஷிம்மை மாற்றினார். மறுபடி பசை, மறுபடி சுற்று. தடம் பல்லின் நடுவில் விழுந்த பிறகுதான் அடுத்த வேலை. பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையிலான இடைவெளியை, டயல் கேஜ் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தார். இந்தப் பொறுமைக்குத்தான் கூலி. அவசரமாகப் பூட்டிய கியர் நெடுஞ்சாலையில் ஊளையிடும். என் வண்டியில் 75 மைலில்கூடச் சத்தம் இல்லை.

வண்டியை எடுத்ததும் டிரெய்லரை மாட்டக்கூடாது. முதலில் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி முழுதாக ஆறவிட வேண்டும், இதைச் சில தடவை செய்ய வேண்டும். 500 மைல் வரை இழுவை வேண்டாம், அதன்பிறகு டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

ட்யூனர் இங்கேதான் கட்டாயமாகிறது. புது அச்சு விகிதத்தையும் டயர் அளவையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும், கியர் மாறும் இடமும் பிசகும். நான் ட்யூனரிலேயே இரண்டு எண்ணையும் மாற்றினேன், ஐந்து நிமிட வேலை.

இப்போது 65இல் சுமார் 1,900 ஆர்பிஎம். ஐ-10இன் சின்ன ஏற்றங்களை நாலாவதிலேயே ஏறுகிறது. பெரிய ஏற்றத்தில் மூன்றுக்கு இறங்கினாலும் 2,700இல் நிலையாக நின்று இழுக்கிறது. முன்பு அதே இடத்தில் 2,350. இந்த எஞ்சினின் உச்ச டார்க் 3,750இல் என்பதால் இந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகத் தெரிகிறது. வெறும் வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறைந்தது. இழுக்கும்போது குறையவில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: கியர் மாற்றியதால் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எடை வரம்பு கூடாது. பிரேக்கும் சேஸிஸும் பழையவைதான்.

3.5 ஈகோபூஸ்ட் போன்ற டர்போ வண்டிக்கும் டீசலுக்கும் நான் சொன்ன வரிசை பொருந்தாது. அங்கே நிரல் டர்போ அழுத்தத்தையே கூட்ட முடியும், ட்யூனருக்கு முதலிடம் கொடுக்கலாம். புகை வடிகட்டியைக் கழற்றச் சொல்லும் டீசல் நிரலை மட்டும் தொடாதீர்கள், அது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ட்யூனர் பெட்டியில் அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2017 முதல் வந்த பத்து கியர் எஃப்-150 என்றால் முதல் கியரே 4.70, அதில் 33 அங்குல டயருக்காக அச்சைத் திறக்க நான் சொல்லமாட்டேன்.