காத்தான்குடிக் குஷன் கடையில் செய்த சிறகுப் பூட்டு: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

நான் பார்த்துக்கொள்கிற விமானம் ஒரு செஸ்னா 172. நாலு பேர் ஏறக்கூடிய, இறக்கை மேலே இருக்கிற சின்ன ரகம். மட்டக்களப்புக்கு வந்தால் சில வேளை இரண்டு மூன்று நாள் வாவிப் பக்கத்து வெட்டவெளியிலேயே நிற்கும், மேலே கூரை கிடையாது. நிற்கிற நேரத்தில் எயிலரோனையும் (இறக்கையின் பின்விளிம்பில் நுனிப் பக்கம் அசைகிற தகடு) றடரையும் (வாலில் இடம் வலமாகத் திரும்புகிற தகடு) காற்று பிடித்து அடிக்காமல் இறுக்கி வைக்கிற கவ்விகளைத்தான் இங்கே சிறகுப் பூட்டு என்கிறேன், விமானக்காரர் கஸ்ட் லொக் என்பார்கள். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு பூட்டு இருக்கிறது, அது போதாதா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். போதாது. 172-இல் ஓட்டுநரின் கைப்பிடித் தண்டுக்குள் ஒரு கம்பியைச் செருகுவோம். எயிலரோன் நேராகவும், வாலில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டர் கொஞ்சம் கீழே சாய்ந்தும் நிற்கும். ஆனால் காற்று அடிப்பது வெளியே, சிறகு நுனிப் பக்கம். பூட்டு இருப்பதோ உள்ளே. அடிக்கிற ஒவ்வொரு அடியும் கீல், நெம்பு, கம்பிவடம், கப்பி என்று எல்லாவற்றையும் உலுக்கிக்கொண்டுதான் அந்தக் கம்பிக்கு வந்து சேரும். றடரை அந்தக் கம்பி தொடுவதே இல்லை, முன்சக்கரத்தோடு இருக்கிற ஸ்பிரிங் தொடர்பு மட்டும்தான் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். பலத்த காற்றென்றால் எயிலரோனுக்கும் அதற்கு உட்பக்கம் இறக்கையில் இருக்கிற பிளாப் என்ற தகட்டுக்கும் இடையிலும், வால் நிமிர்தகட்டோடு சேர்த்து றடருக்கும் வெளிப்பூட்டுப் போடு என்று விமானத்தின் கையேடே சொல்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதை விடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற ஒரு காலத்தில் மூக்கை மேற்கே காட்டிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பின்னேரம் கச்சான் அடங்க, கிழக்கே இருந்து ஒரு மழை இருட்டோடு கடற்காற்று ஏறி வந்து இரவு முழுக்க வாலைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. பின்னால் இருந்து வருகிற காற்றுத்தான் கெட்டது, அது தகட்டைத் திறந்து ஒரு பக்கத்துக்கு எறியும், பிறகு மறு பக்கத்துக்கு எறியும். காலையில் றடர் இடப்பக்கம் அளவுக்கு மேல் திரும்பியது. முட்டி நிற்கிற தடுப்பு வளைந்திருந்தது, அதை ஒட்டிய தகட்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. வெளியில் ஒரு பலகைக் கவ்வி போட்டிருந்தால் நடந்திருக்காது, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் வெளிநாட்டிலிருந்து ஒரு சோடி வரவழைத்தோம். தபால் கூலியும் வரியும் சேர 30,000 ரூபாயைத் தாண்டியது. மூன்றாம் மாதமே ஸ்பொஞ்ச் உப்புக்காற்றைக் குடித்துக் கட்டிபிடித்துவிட்டது, திருகாணி துருவேறி விரலால் திருக முடியவில்லை. பூட்டைக் கழற்ற மறக்காமல் கண்ணில் படத் தொங்குகிற அதன் சிவப்பு நாடா ஒரு சாண்தான்.

அப்புறம்தான் காத்தான்குடிக்குப் போனேன். ஓட்டோ சீற், மோட்டார் சைக்கிள் சீற், தறப்பாள் தைக்கிற சாதாரண குஷன் கடை. பழைய பூட்டைக் காட்டினேன். கடைக்கார நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலை பேசுவதற்கு முதல் கேட்டது இதைத்தான்: “தம்பி, இதக் கழட்ட மறந்து ஏத்தினா என்ன நடக்கும்?”

எல்லாரும் செத்துப்போவார்கள் என்றேன். 1935 ஒக்டோபர் 30-ஆம் திகதி அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் பூட்டோடு கிளம்பி விழுந்ததையும், அதற்குப் பிறகுதான் விமானிகள் சரிபார்ப்புப் பட்டியல் வைக்கத் தொடங்கினார்கள் என்பதையும் சொன்னேன். 2014-இல் பெட்ஃபோர்ட் என்ற இடத்தில் ஒரு ஜெட் பூட்டை எடுக்காமல் ஓடி ஏழு பேரும் இறந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாடாவை நிலத்தில் தவழுகிற அளவுக்கு நீட்டினார். அதோடு, நான் கேட்காமலே, எயிலரோன் பூட்டு இரண்டுக்கும் றடர் பூட்டுக்குமாக மூன்று பொக்கற் வைத்த ஒரு சிவப்புப் பையும் தைத்தார். பூட்டுப் போட்டால் வெறும் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, விமானத் திறப்பை அதற்குள் போட்டுவிடுவேன். புறப்படுகிறவர் திறப்பை எடுக்கப் போனால் மூன்று வெறும் பொக்கற்றும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இந்த ஒரு யோசனைக்காகவே நான் இந்தக் கடைக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

செய்நேர்த்தி நல்லது. தண்ணி தாங்குகிற பிளைவுட், உள்ளே கம்பளித்துணி, வெளியே ரெக்ஸின், ஸ்ரெயின்லெஸ் போல்ட், கையால் திருகுகிற காது நட்டு. எங்கள் உரிமம் பெற்ற எஞ்சினியர் போட்டுப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் பாவிக்கத் தொடங்கினோம். மூன்றுக்கும் பைக்கும் சேர்த்து 9,500 ரூபாய். கச்சானிலும் கிடந்தது, மார்கழி வாடையிலும் கிடந்தது, கீல் ஒன்றிலும் புதிதாக ஆட்டம் இல்லை. எலிவேட்டருக்கு வெளிப்பூட்டு நான் செய்விக்கவில்லை, உள்கம்பி அதைச் சாய்த்து வைத்திருக்கும்போது நேர்ப் பலகையால் இறுக்கினால் நாமே அதை நெரிப்போம்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன நாளுக்கு எட்டு நாள் பிந்தித்தான் தந்தார். சிவப்பு ரெக்ஸின் வெயிலுக்கு வெளிறிவிட்டது, இது சின்ன விஷயமில்லை, தூரத்தில் இருந்து தெரியத்தான் அந்த நிறம், ஆகவே இரண்டாம் முறை நாடாவை மாற்றச் சொல்லியிருக்கிறேன். கம்பளியில் மணல் ஏறினால் பெயின்டைச் சுரண்டும், ஒவ்வொரு முறையும் உதறித்தான் போட வேண்டும்.

அங்கேயே கட்டுகிற கயிறும் வாங்கலாம், ஆனால் நைலோன் கேளுங்கள். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும், தும்புக்கயிற்றுக்கு அந்த வலு இல்லை. சின்ன விமானத்துக்கு 3,000 இறாத்தல் இழுவை தாங்குகிற கயிறு என்பதுதான் அமெரிக்க விமானத்துறையின் அறிவுரை. 1978 நவம்பர் 23 மாதிரி ஒரு சூறாவளி என்றால் கயிறும் பூட்டும் பேச்சுக்கே இல்லை, முன்கூட்டியே விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

செய்விக்கப் போகிறவர்கள் எயிலரோனுக்கும் பிளாப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து, கடதாசியில் அச்சு வெட்டிக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை கடை பூட்டு.