ஷார்ப்ஸா, ரோலிங் பிளாக்கா, ஹை வாலா? ஒற்றைத் தோட்டா ரைபிள் வாங்குமுன்

கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய நம்மவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டா போட்டுச் சுடும் இந்த ரைபிள்கள் மீது ஆசை வருவது இயல்பு. லேத் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு, இரும்போடு இரும்பு இடைவெளியில்லாமல் பொருந்தி நகர்வதைப் பார்த்தாலே மனசு நிறையும். 1870, 80களின் வடிவங்களை இன்று பெரும்பாலும் இத்தாலியின் பெடர்சோலி, உபர்ட்டி நிறுவனங்கள் புதிதாகச் செய்கின்றன. ஷார்ப்ஸ், ரோலிங் பிளாக், ஹை வால் மூன்றையும் .45-70 என்ற ஒரே தோட்டா அளவில் வைத்து ஒப்பிடுவோம்.

முதலில் சட்டம். 1898லோ அதற்கு முன்போ செய்த பழம்பொருளுக்குள்ள விலக்கு, கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடும் புதிய பிரதிக்குக் கிடையாது. டீலரிடம் துப்பாக்கி வாங்குவதற்கான 4473 என்ற அரசுப் படிவம் நிரப்பித்தான் வாங்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து தோட்டத்து வீட்டில் மாட்டிவைக்கும் எண்ணமே வேண்டாங்க. இங்கே 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது. இறக்குமதியும் தனி ஆளுக்கு ஏறக்குறைய அடைபட்ட வழி.

எது குறி தவறாது என்று கேட்டால், 1874லேயே விடை கிடைத்துவிட்டது. நியூயார்க் அருகே கிரீட்மோரில் நடந்த நெடுந்தூரச் சுடும் போட்டியில் அயர்லாந்து அணியை 934-931 என்று வென்ற அமெரிக்க அணியில் பாதிப்பேர் ஷார்ப்ஸும் பாதிப்பேர் ரெமிங்டன் ரோலிங் பிளாக்கும் வைத்திருந்தார்கள். வித்தியாசம் குறியில் இல்லை. கருமருந்து எரிந்து கரி படிந்த பிறகு எந்திரம் கைக்கு எப்படி இணங்குகிறது என்பதில்தான்.

ரோலிங் பிளாக்கில் ஹேமரும், குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புக் கட்டியான பிளாக்கும் இரண்டு தடித்த பின்களில் சுழல்கின்றன. ஹேமரை முழுக்க இழுத்து, பிளாக்கைக் கட்டைவிரலால் பின்னுக்கு உருட்டி, தோட்டா போட்டு மூட வேண்டும். ஹேமர் விழும்போது அதன் உடலே பிளாக்குக்கு அடியில் புகுந்து முட்டுக் கொடுக்கும். கிணற்று மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இதையும் பிரித்துவிடலாம். விலையும் பொதுவாகக் குறைவு. குறை ஒன்று உண்டு: சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்க நெம்புபலம் போதாது. தோட்டா அமரும் சேம்பர் அழுக்கானாலோ மருந்து கூடிக் கூடு உப்பினாலோ ஒட்டிக்கொள்ளும். முன்பக்கமிருந்து கம்பி விட்டுத்தான் தள்ள வேண்டும்.

ஷார்ப்ஸில் கீழ் லீவரைத் தள்ளினால் பிளாக் நேராக இறங்கும். திறக்குமுன் ஹேமரை அரைக் காக்கில், அதாவது பாதி இழுத்த நிலையில், வையுங்கள். ஹேமர் கீழே கிடக்கும்போது லீவரை அழுத்தினால், தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் பிரைமரில் பதிந்த ஃபயரிங் பின் முனை முறியக்கூடும். பெரிய ஹேமர் நெடுந்தூரம் வந்து அடிப்பதால், டிரிகர் இழுத்த பிறகும் ஒரு கணம் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். பிளாக் ஓடும் பள்ளத்தில் கரி புகுந்தால் லீவர் இறுகும். சுடும் இடைவெளியில் பிளாக் முகத்தைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். இரட்டை டிரிகர் இருந்தால் பின்னதை இழுத்து ஏற்றி, முன்னதைத் தொட்டுச் சுட வேண்டும்.

ஹை வால், ஜான் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டர் 1885ல் வெளியிட்டது. ஹேமர் நடுவில், குறுகிய தூரத்தில் அடிக்கிறது. நின்றுகொண்டு சுடுபவருக்கு அந்த வேகம் பெரிய உதவி. உபர்ட்டி செய்வது பழைய அமைப்புக்கு நெருக்கம். வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோகு செய்வதன் உள்ளமைப்பு வேறு. பழைய பாகங்கள் பொருந்தா.

1873 டிராப்டோர் என்ற, பின்பக்க மூடி மேலே திறக்கும் ரைபிளின் பிரதியும் சந்தையில் உண்டு. மூன்றையும்விட வலுக் குறைந்த பூட்டு. போட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

தோட்டாவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். .45-70க்கு அமெரிக்கத் தர உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). தோட்டாவைத் தாமே நிரப்புவோருக்கான மருந்து அளவுப் புத்தகங்களில் இதே தோட்டாவுக்கு மூன்று நிலைகள் இருக்கும். நவீன ரைபிளுக்கான உயர்ந்த நிலையை டிராப்டோரில் போட்டால் பூட்டே போய்விடும். கருமருந்து இருக்க வேண்டிய கொள்ளளவுக்குப் புகையில்லா மருந்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

கருமருந்தில் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடம் விடக்கூடாது. அட்டை வைத்து அழுத்துங்கள். குண்டுக்கு 20 பங்கு ஈயம், 1 பங்கு வெள்ளீயம். விட்டம் .459 அங்குலத்தில் தொடங்கலாம். ஆனால் முதலில் மென்மையான ஈயக் குண்டைக் குழலில் தள்ளி அளந்து பாருங்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, பின்பக்கம் குழாய் வைத்து மூன்று நான்கு முறை மூச்சு விட்டால் கரி ஈரமாகும். அரிசோனா வறட்சியில் அது போதாது. குழலில் கரி கெட்டிப்பட்டு, ஈயம் ஒட்டி, குறி சிதறும். அங்கே ஈரத்துணி ஓட்டுங்கள். குழலையும் பித்தளைக் கூடுகளையும் அன்றே தண்ணீரில் கழுவுங்கள்.

கருமருந்து ரைபிளால் உலோக உருவங்களைச் சுடும் போட்டி 200, 300, 385, 500 மீட்டரில் நடக்கும். 200ல் கோழி உருவத்தை நின்றபடிதான் சுட வேண்டும். ரைபிள் எடை 12 பவுண்டு 2 அவுன்சைத் தாண்டக்கூடாது, ஏறக்குறைய 5.5 கிலோ. 34 அங்குலக் கனத்த குழல் வாங்குவோர் சைட்டோடு (குறிபார்க்கும் கருவி) சேர்த்துக் கடையிலேயே எடை போடுங்கள்.

போட்டிக்கு என்றால் என் தேர்வு ஹை வால். கையில் காசு குறைவென்றால் ரோலிங் பிளாக் வாங்கி, மிச்சத்தை நுண்ணளவாகத் திருத்தக்கூடிய நல்ல வெர்னியர் சைட்டிலும் குண்டு அச்சிலும் போடுங்கள். விலையுயர்ந்த ஷார்ப்ஸில் மலிவு சைட் மாட்டுவதைவிட அது நன்றாகச் சுடும். ஷார்ப்ஸ் மீதே மனசு நின்றுவிட்டதென்றால் வாங்குங்கள்; அரைக் காக்கை மட்டும் மறக்காதீர்கள்.