சிகாகோ ஹார்டி அத்திக் கன்று: மூன்று குளிர்காலம் கடந்தபின்

குளிர் ஊரில் அத்தி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ரகம் இது.

தபாலில் வந்த கன்று பென்சில் தடிமன்தான், ஆனால் வேர் அருமையாக இருந்தது. வளர்ப்புக் குறிப்பு ஒரு வரிகூடப் பெட்டியில் இல்லை, அது பெரிய குறை. தெரியாமல் முதல் குளிர்காலத்தில் மூடாமல் தரையிலேயே விட்டுவிட்டேன். உறைபனியில் தண்டு முழுக்கக் கருகிப்போனது. செத்துவிட்டது என்று பிடுங்கப் போனால், மண்ணை ஒட்டி சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை முளை! அந்த ஆண்டே அந்தப் புதுக் கிளையில் காய் பிடித்தது. இந்த ரகத்தின் பலமே அதுதான். மகரந்தம் சேர்க்கக் குளவியும் தேவையில்லை.

ஆனால் கோடை குறுகியது, பாதிக் காய் பழுக்கவில்லை. அப்புறம் தொட்டிக்கு மாற்றினேன். இலை உதிர்ந்ததும் சூடேற்றாத கராஜுக்குள் வைத்து, மண் முழுக்கக் காயாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர். உறங்கும் மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். கோடையில் ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. அத்திப்பால் பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துவிடும்.

பழம் சின்னது, தித்திப்பு அபாரம். காம்பு தளர்ந்து, பழம் தலை கவிழ்ந்து, அடிக்கண்ணில், அதாவது பழத்தின் அடியில் உள்ள சிறு துளையில், தேன் மாதிரி ஒரு சொட்டுக் கசியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுப் பறித்தால் அப்புறம் இனிக்காது.