பழைய நியூஸ்குரூப் மடல்களை எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கிறவர்களுக்கு முக்கியமாக இதை எழுதுகிறேன். 1990-களில் யூஸ்நெட் நியூஸ்குரூப்களில், அதாவது தலைப்பு வாரியாகப் பலர் மடல் எழுதிப் பேசிக்கொண்ட பழைய இணைய விவாதக் குழுக்களில், உங்கள் வீட்டு ஆட்கள் எழுதிய மடல்களை "சர்வரிலிருந்து மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு கடை வாட்ஸ்அப்பில் விளம்பரம் விட்டுக்கொண்டிருக்கிறது. எங்களிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்தது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய சரக்கு. அதிலும் பாதி எங்களுக்குச் சம்பந்தமில்லாதது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், 1995-லிருந்து நாலைந்து வருஷம் அமெரிக்காவில் படித்தார். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அங்கே பல்கலைக்கழக லேபில் உட்கார்ந்து இவர் சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எல்லாம் ஊரைப் பற்றித்தான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதைச் சுற்றிய முள்கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், கண்ணபுரம் மாட்டுச்சந்தை. அவர் காலமாகி வருஷம் திரும்புவதற்குள் அதையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. "ஏஞ்சாமி, அவன் எழுதுனதெல்லாம் எங்கியாச்சும் இருக்குமா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

கடை காந்திபுரத்தில். ஹார்டு டிஸ்க் ரிப்பேர், டேட்டா ரிக்கவரி எல்லாம் செய்கிறவர்கள். அங்கிருந்த தம்பி ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "கவலையே படாதீங்கண்ணா, நம்ம சர்வர்ல ஆறாயிரம் நாள் ரிடென்ஷன் இருக்குதுங்க. அத்தனையும் எடுத்துத் தந்தர்லாங்க" என்றார். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, நியூஸ்குரூப் மடல்களை வைத்திருந்து தருகிற ஒரு நியூஸ் சர்வரோடு இணைத்து, குழுவின் பெயரை அடித்தார். 211 என்று ஆரம்பித்து ஒரு வரி வந்தது. அதில் மூன்றாவதாக லட்சக்கணக்கில் ஒரு எண். "பாருங்கண்ணா, இத்தனை மடல் உள்ளே இருக்குது" என்றார். அட்வான்ஸ் என்று பேச்சே இல்லை, முழுப் பணமும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரியில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. 211-க்கு அப்புறம் மூன்று எண்கள் வரும். முதலாவது, அந்தக் குழுவில் ஏறத்தாழ எத்தனை மடல் இருக்கிறது என்பது. இரண்டாவது, இருப்பதிலேயே பழைய மடலின் வரிசை எண். மூன்றாவது, கடைசியாக வந்ததன் வரிசை எண். மூன்றாவது எண் வெறும் வரிசைக் கணக்கு. மடல் வர வர ஏறிக்கொண்டே போகும், பழையதை அழித்தாலும் குறையாது. அதுவும் ஒவ்வொரு சர்வரும் தானே போட்டுக்கொள்கிற எண், ஒரு சர்வரின் எண்ணுக்கும் இன்னொன்றின் எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. உண்மையில் கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணை. அந்த மடலைத் திறந்து அதன் தேதியைப் பார்த்தால் அந்த சர்வர் எவ்வளவு பின்னால் போகும் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்களுக்குக் கடைசி எண்ணை மட்டும்தான் விரல் வைத்துக் காட்டினார்கள்.

அடுத்தது அந்த ஆறாயிரம் நாள். ரிடென்ஷன் என்பது ஒரு சர்வர் மடல்களை எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருக்கிறது என்று இன்றைய தேதியிலிருந்து பின்னால் எண்ணுகிற கணக்கு. 6000-ஐ 365-ஆல் வகுத்தால் பதினாறு வருஷமும் சில மாதமும் வரும். 1996-ல் எழுதிய மடலுக்குப் பத்தாயிரம் நாளுக்கு மேல் வேண்டும். காசு வாங்கும் பெரிய நியூஸ் சர்வர்கள் 2008 வாக்கில்தான் பழையதை அழிப்பதை நிறுத்தின. அதனால்தான் அவர்கள் விளம்பரத்தில் போடுகிற நாள் கணக்கு தினமும் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பெரிய எண் முக்கியமாகக் கோப்புகளைப் பதிவிடும் பைனரி குழுக்களுக்கான கணக்கு. வெறும் எழுத்து மடல்கள் சில இடங்களில் இன்னும் கொஞ்சம் பழையது கிடைக்கும், ஆனாலும் 2000-த்தின் தொடக்க வருஷங்களைத் தாண்டிப் போவது அரிது. இதைத் தெரிந்துகொண்டே 1996 மடலை அங்கிருந்து எடுத்துத் தருகிறேன் என்றால், 2008-ல் வெட்டிய குட்டையில் 1996-ல் பெய்த மழைத்தண்ணியை மொண்டு தருகிறேன் என்று காசு கேட்பதுதான்.

1990-களில் எந்த சர்வரும் எதையும் நிரந்தரமாக வைத்திருக்க ஆரம்பிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூஸ்நெட்டை 1979-ல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்தார்கள். அதற்கு நடுவில் ஒரு தலைமை இடம் என்று எதுவும் கிடையாது. ஒரு மடல் போட்டால் அது சர்வர் விட்டு சர்வர் நகலாகிப் போகும். ஒவ்வொரு சர்வரிலும் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் முடிவு செய்வார். நியூஸ் சர்வரை நடத்தப் பலர் பயன்படுத்திய ஐ.என்.என். மென்பொருளில் அதற்கென்றே எக்ஸ்பயர்.சி.டி.எல். என்று ஒரு கோப்பு உண்டு, எந்தக் குழுவுக்கு எத்தனை நாள் என்று அதில் எழுதி வைப்பார்கள். டிஸ்க் விலை கூடுதலாக இருந்த காலம் அது. சில நாள், சில வாரம், அவ்வளவுதான். இன்னொரு முறையில் குறிப்பிட்ட அளவுக்கு ஒரு கோப்பை ஒதுக்கி வைப்பார்கள். அது நிறைந்ததும் புது மடல் பழைய மடல் மேலேயே எழுதிக்கொண்டு போகும். அப்படிப் போனது போனதுதான்.

அப்படியானால் 1990-களின் மடல்கள் இன்றைக்கு எப்படிக் கிடைக்கின்றன? சர்வருக்கு வெளியே சிலர் தனியாகச் சேமித்து வைத்ததால்தான். டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981-லிருந்து 1991 வரை வந்ததை 141 காந்த நாடாக்களில் பிடித்து வைத்தார், இருபது லட்சத்துக்கும் மேலான மடல்கள். 1995-ல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் சேமிக்க ஆரம்பித்தது. அந்தச் சேமிப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் வாங்கி, பழைய நாடாக்கள், சி.டி.களில் இருந்ததையும் சேர்த்து அந்த டிசம்பரில் இருபது வருஷத்து மடல்களை கூகுள் குரூப்ஸில் திறந்து வைத்தது. 2024 பிப்ரவரி 22-லிருந்து யூஸ்நெட்டில் புதிதாக வருகிற மடல்கள் அங்கே சேர்வதில்லை, அங்கிருந்து எழுதவும் முடியாது. பழையதைப் பார்ப்பதற்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது.

கடை எங்களுக்குக் கொடுத்தது அதைத்தான். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே எங்கள் அண்ணன் பெயரைப் பெரிதாக அடித்து ஒரு கட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியில் முதல் இரண்டு மூன்று எழுத்து, அப்புறம் மூன்று புள்ளி, அப்புறம் அட் குறி. நியூஸ் சர்வரிலிருந்து எடுத்த மடலில் முகவரி எழுதினவர் போட்டபடி முழுதாக இருக்கும். இப்படிப் புள்ளி வைத்து மறைப்பது கூகுள் குரூப்ஸ். ஒவ்வொரு மடலுக்கும் தனியாக இருக்கிற அடையாளக் குறியான மெசேஜ் ஐடி எந்தப் பக்கத்திலும் இல்லை. எந்தெந்த சர்வர் வழியாக மடல் வந்தது என்று காட்டுகிற பாத் வரியும் இல்லை. கட்டில் ஏறத்தாழ பாதிப் பக்கங்கள் அண்ணன் பெயரே கொண்ட வேறு ஒருவர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கிரிக்கெட் சண்டைகள். பெரியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்ட ஆரம்பித்தபோது நாலு வரியிலேயே, "இது எம்பையன் எழுதுனதில்லீங் சாமி" என்று சொல்லிவிட்டார்.

பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியில் ஒரே ஒரு மடலை வைத்திருந்தார். அண்ணன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஓரத்தில் ஓட்டை வரிசை உள்ள டாட் மேட்ரிக்ஸ் தாள், மை வெளுத்துப் பழுப்பாகியிருக்கிறது. கிளுவை வேலியை எந்த மாதம் நடுவது, மாட்டை எத்தனை நாள் ஒரு காட்டில் விடலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். தலைப்பகுதி முழுதாக இருந்தது, மெசேஜ் ஐடி உட்பட. உலகத்தில் எந்த சர்வரில் இருந்தாலும் ஒரு மடலுக்கு அந்த ஐடி மட்டும் மாறாது. அதைக் கடையில் கொடுத்து, இந்த ஒன்றை மட்டும் எங்கள் கண்முன் எடுத்துக் காட்டுங்கள் என்றேன். சர்வர் 430 என்று பதில் சொன்னது. அப்படி ஒரு மடல் இல்லை என்று அர்த்தம். உடனே பேச்சு மாறியது. "அது நேத்துதானுங்க எக்ஸ்பயர் ஆச்சு. பழைய சர்வர் ஒண்ணு இருக்குதுங்க, அதுக்கு இன்னும் ஆறாயிரம் ஆகும்" என்றார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் இருந்த மடல் நேற்று அழிந்ததாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வேலை செய்த கூலி திரும்பாது என்று கையை விரித்துவிட்டார்கள். மகனை இழந்த தாயின் ஆசையை வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறு வேறு பெயரில் இரண்டு நியூஸ் சர்வர் கணக்கு வாங்கித் தருகிறோம், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். அதையும் நம்ப வேண்டாம். கடைப்பெயர் பலவாக இருந்தாலும் பின்னால் இருக்கிற சேமிப்புக் கிடங்குகள் சில மட்டுமே. பல விற்பனையாளர்கள் ஒரே கிடங்கிலிருந்துதான் கொடுக்கிறார்கள். ஒன்றில் இல்லாத மடல் அதே கிடங்கைப் பயன்படுத்துகிற இன்னொன்றிலும் இருக்காது.

கடைசியில் வேலை நடந்தது அக்கா மகளால். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய யூஸ்நெட் குழுக்களின் மடல்களை எம்பாக்ஸ் கோப்புகளாக, அதாவது பல மடல்களை ஒன்றாக அடுக்கிய கோப்புகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயர் சாக் என்று தொடங்குகிற குழுக்களின் தொகுப்பை இறக்கி, தண்டர்பேர்டு என்கிற மின்னஞ்சல் மென்பொருளில் லோக்கல் ஃபோல்டரில் போட்டு, அண்ணனின் அந்தக்கால பல்கலைக்கழக முகவரியை வைத்துத் தேடினாள். பெயரை வைத்துத் தேடினால் வேறு ஆட்களும் வருவார்கள், முகவரிதான் சரி. கூகுள் குரூப்ஸிலும் தேதி வாரியாகப் புரட்டி விட்டுப்போனதைச் சேர்த்தாள். முழுதாக இல்லை. சாக்.கல்ச்சர்.தமிழில் அந்தக் காலத்தில் சிலர் தங்கள் மடலைச் சேமிக்க வேண்டாம் என்று எக்ஸ் நோ ஆர்க்கைவ் என்ற வரியைத் தலைப்பகுதியில் போடுவார்கள். டெஜா நியூஸ் அதை மதித்து விட்டுவிடும். அப்படிப் போனவற்றைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஆனால் கொறங்காட்டைப் பற்றியவை பெரும்பாலும் கிடைத்துவிட்டன, புத்தகத்துக்குப் போதும்.

உங்களிடம் யாராவது இப்படிப் பணம் கேட்டால், ஏற்கெனவே கையில் இருக்கிற ஒரு மடலின் மெசேஜ் ஐடியைக் கொடுத்து முதலில் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் குழுவின் மிகப் பழைய மடலின் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். இடர்னல் செப்டம்பர் என்று எழுத்துக் குழுக்களுக்கு மட்டும் இலவசமாக ஒரு நியூஸ் சர்வர் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் இந்தச் சோதனையை வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் முதலில் அங்கே புகார் பதிந்தேன், கடை பதில் சொல்லவில்லை. இப்போது கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. இதே "ஆறாயிரம் நாள்" விளம்பரம் வந்தவர்கள் தேதியோடு எனக்கு அனுப்பினால் மனுவோடு சேர்த்துக்கொள்வேன்.