மார்க்கா, ஒயிட்னரா, லாக் பின்னா? டைமிங் பெல்ட்டைத் திரும்ப நேர்செய்ய மூன்று வழிகள்

பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுழலவைக்கும் பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை மாற்ற இதைக் கழற்றியாக வேண்டும். வீட்டிலேயே அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நம்புவது ஒயிட்னரைத்தான். கழற்றுமுன் பெல்ட்டிலும் புல்லிகளிலும் கோடு போடுவார்கள். பற்களை எண்ணிப் புது பெல்ட்டிலும் அதே கோடுகளை இட்டு மாட்டுவார்கள். செலவில்லாத வழி, ஆனால் வெறும் நகல். முன்பே ஒரு பல் தள்ளியிருந்தால் அந்தக் கோளாறும் சேர்ந்தே வரும். கோடு போடுமுன் பெல்ட் நழுவிவிட்டால் இந்த வழியே கிடையாது.

கம்பெனியே பல் சக்கரங்களில் பொறித்த மார்க் அப்படியல்ல. எப்போது கழன்றாலும் அது இருக்கும். சான்ட்ரோ, மாருதி 800 போன்ற ஒற்றை கேம் பெட்ரோல் எஞ்சினுக்கு அதுவே போதும். தவறு நடப்பது எந்த மார்க்கைப் பார்ப்பது என்பதில். வெளியே தெரியும் பெரிய கிராங்க் புல்லியில் இருப்பது பல வண்டிகளில் இக்னிஷன் டைமிங் பார்க்கும் கோடு. நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். அந்தப் புல்லியைக் கழற்றி, உள்ளே பெல்ட் ஓடும் சிறிய பல் சக்கரத்தின் மார்க்கைப் பாருங்கள். பிளக் துளையில் குச்சி விட்டு பிஸ்டன் உச்சியைத் தேடுவதும் தோராயம்தான். உச்சியில் கிராங்க் சில டிகிரி திரும்பியும் பிஸ்டன் அசைந்தது தெரியாது.

டஸ்டரின் 1.5 டிசிஐ போன்ற டீசலுக்கு, கிராங்கையும் கேமையும் சரியான நிலையில் நிறுத்தும் உலோகக் கம்பியான லாக் பின்தான் சரி. கேமுக்கான லாக் பின், கேம் சக்கரத்தின் துளை வழியாக எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்குள் போகும். எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்கில் திருகும் பின்னில் கிராங்க் வந்து முட்டி நிற்கும். முட்டுகிறதே தவிரப் பூட்டுவதில்லை, பின்னோக்கிச் சுழலும். அந்தப் பின்னை நம்பி கிராங்க் போல்ட்டைத் தளர்த்தினால் பின் வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். லேத்தில் கடைந்து வாங்குவதானால் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். தொளதொளத்த பின் ஒயிட்னரைவிட மோசம்.

கிராங்க் சக்கரத்துக்கு 20 பல், கேமுக்கு 40 என்று வையுங்கள். ஒரு பல் பிசகினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் ஐடிலிங் உதறும், இழுவை இருக்காது. இரண்டு மூன்று பல் தள்ளினால், வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சினில் வால்வு வளையும்.

பெல்ட் இல்லாதபோது வால்வு ஸ்பிரிங் கேமைத் தானாகத் திருப்பிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவருமுன் நாலு சிலிண்டரில் கிராங்கை உச்சியிலிருந்து 90 டிகிரி விலக்குங்கள், எல்லா பிஸ்டனும் இறங்கி நிற்கும். மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர்; அதில் 90 வைத்தால் ஒரு பிஸ்டன் உச்சிக்கு அருகிலேயே நிற்கும், 60 வைக்க வேண்டும்.

எந்த வழியானாலும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்கட்டும், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் போகட்டும். பின்களை உருவிவிட்டு, ஸ்பேனரால் கிராங்கை வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று (கும்பகோணத்துக்காரருக்குத் திசையைப் பக்கத்துத் திருவலஞ்சுழியின் பெயரே சொல்லும், பழைய ஹோண்டா சிலவற்றுக்கு மட்டும் இடஞ்சுழி). எங்காவது கடினமாக முட்டினால் அழுத்தாதீர்கள், அது வால்வு.

இரண்டு சுற்று முடிந்ததும் சக்கர மார்க்குகள் சேர வேண்டும், அல்லது பின்கள் தாமாக நுழைய வேண்டும். பெல்ட்டில் போட்ட கோடு சேராது. அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழற்றுபவர்கள் உண்டு. 113 பல் பெல்ட்டானால், மேலே சொன்ன சக்கரங்களில் அந்தக் கோடு திரும்பச் சேர 226 கிராங்க் சுற்று ஆகும்.

பிளாஸ்டிக் மூடியை “அப்புறம் போடலாம்” என்று விடாதீர்கள். சம்பா அறுவடை நாளில் தஞ்சாவூர், திருவாரூர்ச் சாலைகளில் வைக்கோலும் பதரும் பறக்கும்; பல்லிடுக்கில் ஒரு துணுக்கு சிக்கினாலும் பெல்ட் பல் தாண்டக்கூடும்.