கிட்டோ கட்சு: தேர்வெழுதப் போகிறவருக்கு ஒரு சாக்லேட் வாழ்த்து

ஜப்பானில் ஜனவரி நடுவில் நடைபெறும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு நெருங்கினாலே, மாணவருக்கு வாழ்த்தாகக் கொடுக்கப்படும் பொருள்களில் கிட்காட்டுக்குத் தனி இடம் உண்டு. 1973 முதல் அந்நாட்டில் விற்கப்படும் இந்தச் சாக்லேட்டை ஜப்பானியர் 'கிட்டோ கட்டோ' என்று உச்சரிப்பதால், 'நிச்சயம் வெல்வாய்' எனப் பொருள்படும் 'கிட்டோ கட்சு' என்ற தொடர் அதில் கேட்கிறது. ஜப்பானின் தென்பகுதித் தீவான கியூஷுவின் வட்டார வழக்கில் அத்தொடர் 'கிட்டோ கட்சுத்தோ' என்று முடிவதால், ஒற்றுமை இன்னும் நெருக்கமாகிறது.

எங்கள் மேல்மாடியில் வசிக்கும் மாணவிக்காகச் சிறு துண்டுகள் அடங்கிய பை ஒன்றை இம்முறை வாங்கினேன். சுவை நாம் அறிந்ததுதான். வாங்கத் தூண்டியது, ஒவ்வொரு துண்டின் உறைக்குப் பின்னாலும் வாழ்த்து எழுதுவதற்கென்று விடப்பட்டிருக்கும் வெற்றிடம். இரண்டு விரல் அகலமே உள்ள அந்த இடத்தில் நான்கைந்து சொற்களுக்கு மேல் அடங்காது என்பதால், எதை எழுதுவது என்று வெகுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் சொல்லும் 'கம்பத்தே', 'விடாமல் முயற்சி செய்' என்று ஊக்குவிக்கும் நல்ல சொல்தான். ஆனால் மாதக்கணக்கில் இரவு பகலாகப் படித்துக் களைத்துப்போன பிள்ளையிடம் இன்னும் முயற்சி செய் என்பது பாரமாகிவிடக்கூடும் என்பதால், 'உன் பக்கம் இருக்கிறேன்' என்ற பொருளில் 'ஓஎன் ஷிதெரு' என்று எழுதினேன். விளக்கை அணைப்பதைக் 'குளிர வை' என்று மங்கலமாகச் சொல்லும் நமக்கு எளிதில் புரியக்கூடிய இன்னொரு மரபும் அங்கே உண்டு: தேர்வெழுதுபவர் முன் 'விழுதல்', 'வழுக்குதல்' ஆகிய சொற்களைத் தவிர்ப்பார்கள், ஏனெனில் இரண்டுமே தோல்வியைக் குறிக்கும். தேர்ச்சிக்கோ 'சகுரா சகு', அதாவது 'சகுரா (செர்ரிப்பூ) மலர்ந்தது', என்பது தந்திக் காலத்திலிருந்தே வழங்கும் குறிச்சொல்.

கிட்காட் கொடுத்து வாழ்த்தும் இந்த வழக்கத்தையொட்டி 2009இல் ஜப்பான் அஞ்சல் துறையுடன் சேர்ந்து, முகவரி எழுதி அஞ்சலில் அனுப்பக்கூடிய கிட்காட் அட்டையையே அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் விற்றது; மறு ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்கு உயரிய விருதும் கிடைத்தது. வாழ்த்தை நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

கொடுத்த துண்டை அந்தப் பெண் பிரிக்கவில்லை. எழுத்தை இருமுறை படித்துவிட்டுப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். நீங்களும் வாங்குவதானால், வழவழப்பான அந்த உறையில் சாதாரணப் பேனாவின் மை பிடிக்காது. அழியாத மை மார்க்கர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.